வரையாமல் விட்ட அம்பு

அலுவலகத்தில் அவளுக்கு அமுக்குணி என்று பட்டப்பெயர். வாயைத் திறக்காமல் காரியத்தை முடித்துவிடுவாள் என்று வைத்தது. அன்று அந்தப் பெயரைக் காப்பாற்றப் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

முன்னால் நின்று பேசிக்கொண்டிருந்தவர் அக்காவின் கணவர். அலுவலகத்தில் அவளுக்கு மேலதிகாரி. திரையில் இருந்ததோ அவள் போட்ட படம். முதல் எண், குறி, இரண்டாம் எண், விடை என்று நான்கு வட்டங்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கான கணக்குக் கருவியின் நிரல் எப்போதும் இந்த நான்கு நிலைகளில் ஏதாவது ஒன்றில் நிற்கும். எந்தப் பொத்தானுக்கு எங்கே தாவ வேண்டும் என்று அம்புகள் சொல்லும். மண்டையை உடைத்துக்கொண்டு அவள் வெள்ளைப் பலகையில் போட்டதை, அவள் சாப்பிடப் போன நேரத்தில் அத்தான் போனில் படம் பிடித்து, நிரலாக எழுதி, தன் பெயரைப் போட்டுக்கொண்டார். புதிய பிரிவுக்குத் தலைமை யார் என்று இந்தக் கூட்டத்தில்தான் முடிவாகப் போகிறது.

நேற்று கேட்டதற்கு, "ஒரே குடும்பத்துக்குள்ள என்னம்மா உன்னுது என்னுது?" என்று சிரித்தார். 

அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒரு கணக்கு ஒழுங்காக முடிகிறதா என்று சோதித்த பிறகுதான், அடுத்த கணக்கைத் தொடங்க விடையிலிருந்து முதல் எண்ணுக்குத் திரும்பும் அம்பை வரைவாள். அத்தான் படம் பிடித்தபோது அது பலகையில் இல்லை. இப்போது திரையிலும் இல்லை. அவர் காதில் போட்டிருக்கலாம். போடவில்லை, படட்டும் என்று இருந்தாள்.

அத்தான் கருவியில் இரண்டையும் மூன்றையும் கூட்டினார். ஐந்து வந்தது. முதலாளியம்மா தலையாட்டினார்.

"இன்னொரு கணக்கும் போட்டுக் காட்டுங்க, அத்தான்" என்றாள். அலுவலகத்தில் அவரை 'சார்' என்றுதான் கூப்பிடுவாள்.

அவர் ஏழு என்ற பொத்தானை அழுத்தினார். பழைய ஐந்தோடு ஒட்டிக்கொண்டு ஐம்பத்தேழு என்று வந்தது.

"இதென்ன கூத்து?" என்றார் முதலாளியம்மா.

"அது... ஒரு தடவ அணைச்சிட்டுப் போடணும், மேடம்."

"ஒவ்வொரு கணக்குக்குமா? பிள்ளைங்க தூக்கிக் கடாசிடுவாங்க."

அவள் எழுந்தாள். "ஒரே ஒரு அம்புதான் குறையுது, மேடம். படம் போட்டவருக்குத் தெரியாதா?" என்று பலகைப் பேனாவை அத்தானிடம் நீட்டினாள்.

வாங்கிக்கொண்டு பலகையில் நான்கு வட்டங்களையும் போட்டார். பிறகு கை நின்றுவிட்டது. 

"சொல்லித் தொலைம்மா, மானம் போகுது" என்று முணுமுணுத்தார்.

"உங்க படத்துல நான் எப்படிக் கை வைக்கிறது?" என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி.

முதலாளியம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். எழுந்து வந்து, பேனாவை அவர் கையிலிருந்து வாங்கி அவளிடம் கொடுத்தார். விடையிலிருந்து முதல் எண்ணுக்கு ஒரே இழுப்பாக இழுத்தாள்.

"இனிமே புதுப் பிரிவ நீ பாரு" என்றார் முதலாளியம்மா.

அத்தான் தலை நிமிரவில்லை. அவர் வீட்டுக்குப் போய்ச் சொன்னதும் அக்கா போன் செய்து அழுவாள் என்று அவளுக்குத் தெரியும். அழட்டும்.