எதிர்க்காற்றில் ஒரு மழைக்கோட்டு

கடலோரச் சாலையில் சைக்கிளை மிதிக்கத் தொடங்கிய நாளிலிருந்து மச்சான் முன்னால், அவன் பின்னால். யாரும் பேசி வைத்த ஏற்பாடு இல்லை, தானாக அமைந்தது. மச்சான், அதாவது அவன் அக்காவின் கணவர், பேக்கரியில் மாவு பிசைபவர். தோளுக்குத் தோள் அளந்தால் இரட்டைக் கதவு பீரோ. தெருவில் அவருக்குப் பெயரே பீரோதான். அவனுக்கு ஈர்க்குச்சி. பீரோவுக்குப் பின்னால் ஈர்க்குச்சி போனால், அப்படி ஒருவன் அங்கே இருப்பதே காற்றுக்குத் தெரியாது.

இதை அவன் தன் காலின் வலிமை என்று எண்ணிக்கொண்டிருந்தான். சாயங்காலம் தவறாமல் அக்காவுக்கு போன் போட்டு அளந்தும் விடுவான்.

"எனக்கு ஒன்னும் இல்லக்கா. மச்சானுக்குத்தான் மூச்சு வாங்குது. பன்னு தின்னு வளர்ந்த உடம்பு."

அக்காவின் தையல் அறையில் பாதியைத் தடுத்து, சைக்கிள் ரிப்பேர் கடை போட வேண்டும் என்பது இரண்டு பேரின் ஆசை. அக்கா தலையை ஆட்டவில்லை. "நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு வேலைய முடிச்சதா சரித்திரமே இல்ல. கரை முழுக்க மிதிச்சு, சேர்ந்தே படகுத்துறைக்கு வந்து காட்டுங்க. நடுவுல ஒரு ஆள் வண்டி ஏறினாலும் பாதி ரூம் கிடையாது" என்று சொல்லிவிட்டாள்.

கடைசி நாள் காலையில் மச்சான் பாயிலிருந்து எழும்போதே "அம்மா" என்றார். வலது முட்டி பன்னைப்போல் உப்பியிருந்தது.

அவனுக்குக் காரணம் புரிய வெகுநேரம் ஆகவில்லை. தினமும் காலையில் ஸ்பேனரும் கையுமாக இரண்டு சைக்கிளிலும் எல்லா போல்ட்டையும் முறுக்கிப் பார்த்தவன், மச்சான் சீட்டின் போல்ட்டை மட்டும் பார்க்கவே இல்லை. அவன் முறுக்கக் குனிகிற நேரமெல்லாம் மச்சான் அதன்மேல்தான் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருப்பார். அவர் எடைக்கு அது தினம் கொஞ்சமாக இறங்கி, முட்டியை மடக்கி மடக்கி வேலை வைத்திருக்கிறது.

"கடை போடப் போற மெக்கானிக்குடா நீ" என்றார் மச்சான்.

"நீங்க எந்திரிச்சாத்தானே மச்சான் பாக்க முடியும்?"

சீட்டை உயர்த்தினான். முட்டியை என்ன செய்வது? ஊர் எல்லை தாண்டுவதற்குள் மச்சான் முகம் வெளிறிவிட்டது. அப்போதுதான் மீன் கம்பெனிக்கு ஐஸ் கொண்டுபோகும் லாரி பக்கத்தில் வந்து நின்றது. ஓட்டிவந்த அம்மாள் தலையை நீட்டினாள்.

"படகுத்துறைக்குத்தான் போறேன். ஏறுங்க. ஐஸ் மேல கால நீட்டிப் படுத்தா முட்டியும் சரியாயிடும்."

மச்சான் லாரியைப் பார்த்த பார்வையில் கல்யாணப் பெண்ணைப் பார்த்த கனிவு இருந்தது. அவனுக்கோ, பாதி அறை அந்த லாரியில் ஏறிப் போய்விடும்போல் இருந்தது.

"லாரி வேணாம்மா," என்று பெருமூச்சு விட்டார் மச்சான். "ஐஸ் மட்டும் ஒரு துண்டு குடுங்க."

துண்டில் ஐஸைப் பொதிந்து முட்டியில் கட்டினார்கள். "இன்னிக்கு நான் முன்னாடி போறேன்" என்றான் அவன், பெருந்தன்மையாக.

முனையைத் திரும்பியதும் காற்று பளாரென்று அறைந்தது. இப்படி ஒரு காற்று இந்தக் கரையில் இருப்பதே அவனுக்கு அன்றுதான் தெரிந்தது. பெடல் நகரவில்லை, கண்ணில் தண்ணீர் கொட்டியது. இத்தனை நாளும் நான் மிதித்தேனா, இல்லை மச்சானின் முதுகு என்னை இழுத்து வந்ததா? போனில் விட்ட ஒவ்வொரு அளப்பும் காதில் வந்து இரைந்தது.

"மாப்ளே," பின்னாலிருந்து குரல். "நீ முன்னாடி போறதும் ஒன்னுதான், போகாததும் ஒன்னுதான். காத்து உன்னச் சுத்திக்கிட்டு நேரா எங்கிட்டதான் வருது."

அவன் நிறுத்தினான். மச்சானின் பையிலிருந்து மழைக்கோட்டை உருவினான். அக்கா அளவெடுத்துத் தைத்தது, ஒரு குடும்பமே ஒதுங்கலாம். அதை மாட்டி, இரண்டு பாயையும் சுருட்டி ஹேண்டிலின் இருபுறமும் குறுக்காகக் கட்டினான். காற்று உள்ளே புகுந்ததும் கோட்டு புஸ்ஸென்று உப்பியது.

"இப்ப எப்படி மச்சான்?"

"அடேயப்பா! இப்பத்தான்டா எனக்கு மச்சான் மாதிரி இருக்க!"

மச்சானுக்கு மறைப்பு கிடைத்தது, அவனுக்கு மலை கிடைத்தது. தெருநாய் ஒன்று நிதானமாக அவர்களை முந்திப் போய், நின்று திரும்பிப் பார்த்துவிட்டுப் போனது. பஞ்சர் போட்டுக்கொண்டு ஓரமாக நின்றிருந்த ஐஸ் லாரியும் எதிர்ப்பட்டது. "இப்பவாவது ஏறுங்கப்பா, பாக்கவே பாவமா இருக்கு" என்றாள் அந்த அம்மாள். அவன் மாட்டேன் என்று தலையை மட்டும் ஆட்டிவிட்டு மிதித்தான். தொடை எரிந்தது. ஒவ்வொரு மைல்கல் தாண்டும்போதும் பின்னால் செயின் ஓடும் சத்தம் கேட்கிறதா என்று மட்டும் காது கொடுத்தான். கேட்டது.

கலங்கரை விளக்கத்தில் சாலை மடங்கியது. எதிர்க்காற்று ஒரே நொடியில் முதுகுக் காற்றானது. கோட்டைக் கழற்ற வேண்டும் என்று தோன்றுவதற்குள் அது பாய்மரமாகிவிட்டது.

"டேய், சேர்ந்து போகணும்டா! நில்லுடா!"

"நான் போகல மச்சான்! கோட்டு போகுது!"

இரண்டு பிரேக்கும் கிறீச்சிட்டன. காலை ஊன்றித் தேய்த்ததில் செருப்பு ஒன்று கழன்று போனது. படகுத்துறையில் நின்றிருந்த அக்கா, தான் தைத்த கோட்டு தன்னை நோக்கிப் பறந்து வருவதைப் பார்த்து விலகிக்கொண்டாள். அவன் சரியாக அவளுக்கு முன்னால் மணலில் புதைந்து நின்றான். மச்சான் மூச்சு வாங்காமல் பக்கத்தில் வந்து இறங்கினார்.

"சேர்ந்து வரச் சொன்னா, நீ மட்டும் முந்திட்ட?" என்றாள் அக்கா.

"காலையிலேர்ந்து அவன்தான் முன்னாடி. அவன் இல்லன்னா நான் லாரியில வந்திருப்பேன்" என்றார் மச்சான்.

"அப்ப நெஜமாவே லாரி ஏறலியா?" அக்கா முட்டியில் தொங்கிய ஈரத் துண்டைச் சந்தேகமாகப் பார்த்தாள்.

பஞ்சர் ஒட்டி வந்துசேர்ந்த ஐஸ் லாரி பின்னால் ஹாரன் அடித்தது. "ரெண்டு தடவ கெஞ்சினேம்மா!" என்று கத்தினாள் அந்த அம்மாள். "ஐஸ மட்டும் வாங்கிக்கிட்டு அனுப்பிட்டாங்க!"

அவனுக்கு மனசு உறுத்தியது. "அக்கா, போன்ல சொன்னதெல்லாம்... மச்சான் முதுகுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டே வந்தவன் பேசின பேச்சு."

"தெரியும்டா. பதினாறு வயசு வரைக்கும் என் பின்னாடி ஒளிஞ்சவன்தானே நீ?" அக்கா கோட்டின் தோள்பட்டையைத் திருப்பிப் பார்த்தாள். தையல் விட்டிருந்தது. "இதத் தைக்க எனக்கு ஜன்னல் பக்கம் வேணும். வாசல் பக்கம் நீங்க எடுத்துக்குங்க. என் பக்கம் ஒரு சொட்டு கிரீஸ் தெறிச்சுது, ரெண்டு பேரும் இதே ரோட்டுல திரும்பி மிதிப்பீங்க."

காற்று இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. மச்சான் நகர்ந்து அவன் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றார். அவன் கோட்டைக் கழற்றவில்லை.