எஸ்டேட் என்றால் பட்டன் இல்லை

ஹட்டன் கடைவீதியில் பாத்திரக்கடை வைத்திருக்கும் தங்கவேலு முதலாளி ஓட்டைக் குடத்தைக்கூட சிரித்த முகத்தோடு விற்றுவிடுவார். அப்பேர்ப்பட்டவர், கடையின் வெப்சைட் திறக்க இரண்டே நாள் இருக்கும்போது, வாங்க வருகிறவர்களை விரட்டச் சொன்னார்.

"எஸ்டேட்காரங்களுக்கு ஓடர் பட்டனைக் காட்டாத, புள்ள. லயத்துக்கு நம்பரே கெடையாது. சாமான் கொண்டுபோற த்ரீவீல்காரன் எந்த வீட்டைன்னு தேடுவான்?"

வெப்சைட்டைச் செய்துகொண்டிருந்த கேஷிகா வட்டவளைப் பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் வளர்ந்த பெண். திறக்கும் அன்றைக்கே குக்கர் வாங்கப்போவதாக அவள் அம்மா வேலாயி லயம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள்.

"பேரைச் சொன்னா எல்லாரும் வீட்டைக் காட்டுவாங்க, முதலாளி. நான் போட மாட்டேன்."

"கண்டியில ஒருத்தன் இருக்கான். அரை நாள்ல போட்டுருவான்."

கேஷிகா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "சரிங்க. நீங்க சொன்னபடியே போடுறேன்."

எல்லார் திரைக்கும் பக்கத்தை வார்த்துத் தரும் டெம்ப்ளேட்டில் if என்று ஒரு நிபந்தனை வரி எழுதினாள். விலாசத்தில் 'எஸ்டேட்' என்ற சொல் இல்லாவிட்டால் பட்டனைக் காட்டு. இருந்தால் என்ன செய்வது என்று else எதுவும் எழுதவில்லை. லேப்டொப்பை அவர் பக்கம் திருப்பினாள்.

"ஒங்க விலாசத்தையே அடிச்சுப் பாருங்க."

முதலாளி ஒற்றை விரலால் கம்பீரமாக அடித்தார்: 14, பழைய எஸ்டேட் ரோடு, ஹட்டன். பட்டன் இருந்த இடம் வெள்ளையாகக் கிடந்தது.

"என்ன புள்ள, பழுதாப் போச்சா?"

"சொன்னதைத்தான் செய்யுது. மாடி வீடா லயமான்னு அது பாக்காதுங்க."

"அப்ப ரோடுன்னு இருந்தா விடச் சொல்லு."

"எங்க லயத்துக்கும் ரோடு இருக்கு. நாங்களே வெட்டுனது."

"சரி, பக்கத்து நாலு எஸ்டேட்டுக்கு மட்டும் பட்டனைக் காட்டிருவோம்."

"பேரத்தைக் குடத்துக்குப் பேசுங்க, முதலாளி. வரியை வச்சா ஒங்க ரோட்டு ஆளுக ஒருத்தருக்கும் பட்டன் வராது. எடுத்தா எங்களுக்கும் வரும். ஒங்களுக்கு மட்டும் விலக்கு வேணும்னா கண்டிக்காரனைக் கூப்பிடுங்க. எனக்கு வேலை தர வேற கடை இருக்கு."

முதலாளி தாடையைத் தடவினார். அந்த ரோட்டில் பாதிப்பேர் அவர் கடை வாடிக்கை. "த்ரீவீல்காரனுக்கு என்னா வழி?"

அவள் பழைய வரியை அழித்துவிட்டுப் புது if எழுதினாள். வீட்டு நம்பர் இல்லாவிட்டால், 'யாரைக் கேட்க வேண்டும்?' என்று ஒரு கட்டத்தைக் காட்டு.

"இதை மொதல்லயே சொல்லியிருக்கலாமே!"

"மொதல்ல மாட்டேன்னு சொன்னேன். அது ஒங்க காதுல விழலையே."

திறந்த அன்று முதல் ஓடர் வேலாயியின் குக்கர். வீட்டு நம்பர் காலி. யாரைக் கேட்க வேண்டும் என்ற கட்டத்தில் இருந்தது:

யாரை வேணும்னாலும் கேளுங்க.