ஹெதர்லி கடையின் இரண்டாம் மாடியில் நிலைகொண்ட படை

கனடாவின் ஸ்காபுரோ, ரெக்ஸ்டேல், பிக்கரிங் மற்றும் அவற்றை அண்டிய சகல பிரதேசங்களிலும் வசிக்கும் தமிழ்ப் பெருங்குடி மக்களே, மனித குலத்தின் வரலாற்றில் இதுவரை எவரும் எழுதத் துணியாத ஓர் உண்மை இங்கே முதன்முறையாகப் பதிவு செய்யப்படுகிறது. வயோதிபர்களும் இருதய நோயாளர்களும் அமர்ந்திருந்து வாசிப்பது நன்று. வெக்ஸ்போர்ட்டில் மூடிக் கிடக்கும் ஹெதர்லி கடையின் இரண்டாம் மாடியில், முன்னர் கட்டில் விரிப்பும் தலையணை உறையும் விற்ற இடத்தில், எந்த நாட்டையும் சேராத நூற்று எழுபத்திரண்டு சிப்பாய்கள் நிலைகொண்டிருக்கிறார்கள். முதல் நூற்றுப் பன்னிரண்டு பேரும் பங்குனி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில் காலை எட்டு ஐந்துக்கு வந்து சேர்ந்தார்கள். அன்று வெண்டிக்காய் இறாத்தல் மூன்று டொலர் நாற்பத்தொன்பது சதம்.

கடை மூடப்பட்டது அந்தத் தை மாதம். கதவுக்குச் சங்கிலி போட்டு, கண்ணாடிகளுக்கு உட்பக்கமாக மண்ணிறக் கடதாசி ஒட்டி, வாசலைச் சுற்றிக் கம்பி வேலியும் வைத்தார்கள். மற்றச் சமூகத்தவர்கள் அதைப் பார்த்துவிட்டு, சரி, இன்னொரு கடையும் போய்விட்டது என்று பக்கத்தில் டோனட் வாங்கப் போனார்கள். எங்கள் சனம் அப்படிப் போகக்கூடிய சனம் அல்ல. ஒரு கட்டடத்தை மூடி, யன்னலை மறைத்து, சுற்றிக் கம்பி அடித்தால் அதற்கு ஊரில் ஒரே ஓர் அர்த்தம்தான் இருந்தது: இராணுவ முகாம். அதற்குப் பிறகு அந்த ஒழுங்கையால் சைக்கிளில் போக முடியாது. போதாததற்கு அதே கிழமை, இராணுவ வாகனங்கள் வழமையான பயிற்சிக்காக 401 நெடுஞ்சாலையால் போகும், பொதுமக்கள் பதற்றமடையத் தேவையில்லை என்று வானொலியில் ஒரு சின்ன அறிவித்தல் வந்தது. பதற்றமடையத் தேவையில்லை என்று யாராவது வானொலியில் சொன்னால் உடனே ஓடிப்போய்ச் சவர்க்காரம், பற்றரி, மெழுகுதிரி மூன்றையும் வாங்கவேண்டும் என்பது யுத்தகாலப் பொருளாதாரத் தடைக்குள் வளர்ந்தவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லாத பாடம். அன்று பின்னேரமே இரத்தினவேலின் பலசரக்குக் கடையில் சவர்க்காரம் முடிந்துவிட்டது. கனடாவில் சவர்க்காரத்துக்கு ஒருபோதும் தடை வந்ததில்லை என்பது இரத்தினவேலுக்குத் தெரியும். அவர் அதை எவருக்கும் சொல்லவில்லை.

கடையையும் இராணுவத்தையும் முறைப்படி இணைத்துவைத்தவர் நவரட்ணம். வயது ஐம்பத்தெட்டு. தொழிற்சாலையில் முதுகை முறித்துக்கொண்டு வீட்டில் இருந்தவர், யூரியூப்பில் 'திரைக்குப் பின்னால்' என்ற நிகழ்ச்சியை ஆரம்பித்து, மூன்றாவது வாரத்திலேயே தன்னைப் படைத்துறை ஆய்வாளர் ஆக்கிக்கொண்டார். அவருடைய படைத்துறை அனுபவம் என்னவென்றால், பதினாறு வயதில் பங்கருக்குள் இருந்தபோது ஒருமுறை தேள் கொட்டியது. ஒன்ராறியோவில் மூடப்பட்ட எட்டு ஹெதர்லி கடைகளையும் வரைபடத்தில் குறித்து, சிவப்புக் கோட்டால் இணைத்து, அது தலைநகர் ஒட்டாவாவை நோக்கிய ஓர் ஈட்டி என்று அவர் நிறுவினார். பார்த்தவர்களுக்கு அது மரவள்ளிக்கிழங்கு போலத்தான் தெரிந்தது. ஆனாலும் கோட்டும் கழுத்துப்பட்டியும் கட்டிய ஒருவர் ஈட்டி என்று சொல்லும்போது கிழங்கு என்று சொல்ல எவருக்கும் மனம் வரவில்லை. கடைகள் தாமாக மூடவில்லை, மூடவைக்கப்பட்டன. உள்ளே பச்சைச் சீருடையில் ஒரு படை தங்கப்போகிறது. வாகனத் தரிப்பிடத்தில் ஏழு டாங்கிகள் நிற்கும். பயிற்சி முடிய அவர்கள் போய்விடுவார்கள், கடை பழையபடி திறக்கும். இதுதான் அவருடைய ஆய்வு. மகளின் பிள்ளைப்பேறு பார்க்க இலண்டன் போயிருந்தவர்கள் முதல் சிட்னியில் புல்லு வெட்டிக்கொண்டிருந்தவர்கள் வரை அதை வட்ஸ்அப்பில் ஒருவருக்கொருவர் அனுப்பினார்கள்.

இந்த ஆய்வினால் உண்மையாகவே பாதிக்கப்பட்டவர் உலகத்தில் ஒரே ஓர் ஆள்தான். அது நவரட்ணத்தின் மனைவி சந்திரவதனா. ஹெதர்லியின் இரண்டாம் மாடியில் பத்தொன்பது வருடம் நின்றவர். நான்கு மூலையும் இலாஸ்ரிக் வைத்த கட்டில் விரிப்பைப் பதினொரு செக்கனில், கடையில் வாங்கிய புதுப் பெட்டிக்குள் இருப்பதுபோல மடிக்கக்கூடியவர். பிராந்திய முகாமையாளர் ஒருமுறை மணிக்கூட்டோடு வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். கடை பூட்டிய நாளிலிருந்து அவர் வீட்டு அலுமாரியில் இருந்த விரிப்புகளை எடுத்து விரித்து, மடித்து, திரும்ப விரித்து மடித்துக்கொண்டிருந்தார். அவரோடு முன்பு வேலை செய்த கௌசி இப்போது பிக்கரிங்கில் ஒரு பண்டகசாலையில் இருந்தாள். அங்கே ஓர் இடம் காலியாக இருந்தது.

"சந்திராக்கா, வாற வெள்ளிக்கிழமை மட்டும்தான் இடத்தைப் பிடிச்சு வைக்கலாம். சூப்பர்வைசர் ஒவ்வொரு நாளும் கேக்கிறான். வாறீங்களோ இல்லையோ?"

"இவர் சொல்லுறார், ஆமி போனவுடனை கடையைத் திறப்பாங்களாம்."

"எந்த ஆமி?"

"அது இன்னும் வரேல்லை."

"அக்கா, அத்தானுக்குப் பொழுது போகேல்லை. உங்களுக்கு வேலை இல்லை. ரெண்டையும் போட்டுக் குழப்பாதேங்கோ."

பிக்கரிங் போனால் ஹெதர்லி முடிந்துவிட்டது என்று அர்த்தம். போகாமல் இருந்து கடையும் திறக்காவிட்டால் ஐம்பத்திநாலு வயதில் இன்னோர் இடம் கிடைப்பது சந்தேகம். சந்திரவதனா வெள்ளிக்கிழமை வரை யோசிப்பதாகச் சொன்னார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை வீடியோவின் பகிர்வு ஒரு இலட்சத்துப் பன்னிரண்டாயிரத்தைத் தொட்டதும் படை வந்தது. ஆயிரம் பகிர்வுக்கு ஒரு சிப்பாய். ஆய்வில் சொல்லப்பட்டபடியே பச்சைச் சீருடை. சப்பாத்தைப் பற்றி ஆய்வில் எதுவும் சொல்லப்படாததால் எல்லாரும் வெறுங்காலோடு நின்றார்கள். என்ன மொழி பேசுவார்கள் என்பதும் சொல்லப்படவில்லை. ஆகவே நவரட்ணத்தின் தமிழையே, அவர் ஒவ்வொரு வசனத்துக்கும் முன்னால் போடும் 'அதாவது' சகிதம் பேசினார்கள். ஏழு டாங்கிகளும் வீடியோவின் முகப்புப் படத்திலிருந்து இறங்கியவை என்பதால் முன்பக்கம் மட்டும்தான் இருந்தது. பக்கவாட்டில் பார்த்தால் கடதாசித் தடிப்பு. கட்டடத்துக்கு மேலே ஆகாயத்தில், அதே முகப்புப் படத்தில் இருந்த பெரிய சிவப்பு அம்புக்குறி ஒன்று கீழ்நோக்கித் தொங்கியது. பத்து மணிக்குள் அதில் கடற்பறவைகள் வந்து குந்திவிட்டன. வணிக வளாகத்தின் காவலாளி மரியோ தன் பதிவேட்டில் எழுதினார்: எட்டு ஐந்து, இராணுவம். எட்டு நாற்பது, கீழ்மாடி ஆண்கள் கழிப்பறை அடைப்பு. சப்பாத்து இல்லாதவர்களை உள்ளே விடக்கூடாது என்று வளாக விதி இருந்தது; ஆனால் இவர்கள் ஏற்கனவே உள்ளே நின்றதால் அந்த விதி பொருந்தாது என்று அவர் முடிவு செய்தார்.

செய்தி கேட்டு நவரட்ணம் ஆச்சரியப்படவில்லை. கோட்டைப் போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து வாரி, மனைவியையும் கூட்டிக்கொண்டு பார்வையிடப் போனார். மரியோ ஊழியர்களின் பின்கதவைத் திறந்துவிட்டார். இரண்டாம் மாடியில் நூற்றுப் பன்னிரண்டு பேரும் விறைப்பாக நின்று வணக்கம் வைத்தார்கள். கப்டன் ஓரடி முன்னே வந்து, "அதாவது ஐயா, அடுத்த கட்டளை என்ன?" என்று கேட்டார். பென்ரகனுக்கும் ஒட்டாவாவுக்கும் ஐ.நா. சபைக்கும் என்ன செய்யவேண்டும் என்று மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்த நவரட்ணம், அந்த நூற்றுப் பன்னிரண்டு முகங்களையும் வரிசையாகப் பார்த்துக்கொண்டு போனார்.

"தம்பியவை, சாப்பிட்டீங்களோ?" என்றார்.

சந்திரவதனாவுக்கு வேறு கேள்வி இருந்தது.

"நீங்கள் எப்ப போவியள்?"

"அதாவது அக்கா, எங்களுக்கு ஒண்டும் தெரியாது. ஐயா சொன்னவர், வந்தனாங்கள். பயிற்சி எப்ப முடியுமெண்டு ஐயா இன்னும் வீடியோ போடேல்லை."

திரும்பி வரும்போது காருக்குள் சந்திரவதனா, "இஞ்சாருங்கோ, இண்டைக்கே போடுங்கோ" என்றார். நவரட்ணம் தயங்கினார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் சொன்னது ஒன்று நடந்திருந்தது. அதை வாபஸ் வாங்குவதென்றால் யாருக்கும் கையும் வராது, வாயும் வராது. அன்று பின்னேரம் முழுக்க வீட்டுக்குள் அலுமாரிக் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டுக்கொண்டேயிருந்தது. புதன்கிழமை காலை அவர் கழுத்துப்பட்டி கட்டாமல் கமெராவுக்கு முன்னால் இருந்தார். "அன்பார்ந்த உறவுகளே, ஒண்டும் நடக்கேல்லை. கடை எண்டால் கடைதான். ஆமி தன்ரை பாட்டிலை போயிட்டுது. எல்லாரும் போய் உங்கடை வேலையைப் பாருங்கோ." அவர் செய்த ஆய்வுகளிலேயே மிகவும் சுருக்கமானதும், மனைவிக்காகச் செய்த ஒரேயொன்றும் அதுதான்.

பதினான்கு பேர் பார்த்தார்கள். ஒருவரும் பகிரவில்லை. அதன் பயனாக ஒரு சிப்பாயின் தொப்பி மட்டும் மறைந்தது. பதினான்கு பேரில் பதினொரு பேர் கீழே எழுதியிருந்தார்கள். 'எவ்வளவு வாங்கினீங்கள் அண்ணை?' என்றார் ஒருவர். 'உவரையும் வாங்கிப்போட்டாங்கள்' என்றார் இன்னொருவர், அது தனக்கு முன்னமே தெரியும் என்ற குறிப்போடு. ரெக்ஸ்டேலில் இருந்த இன்னொரு படைத்துறை ஆய்வாளரான ஸ்ரீதரன் அன்று பின்னேரமே ஒரு வீடியோ விட்டார். அதில் நவரட்ணம் ஒரு நிமிடத்துக்கு எத்தனை தரம் கண் வெட்டினார் என்று எண்ணி, கமெராவுக்குப் பின்னால் துப்பாக்கியோடு ஆள் நின்றிருக்கிறான் என்று எண்பித்தார். உண்மையில் பின்னால் நின்றவர் சந்திரவதனா; கையில் இருந்தது தேத்தண்ணி. ஸ்ரீதரனின் வீடியோ அறுபதாயிரம் தடவை பகிரப்பட்டது. வியாழன் விடிய மேலும் அறுபது பேர் வந்து இறங்கினார்கள். ஸ்ரீதரன் விபரத்தில் கவனமான மனிதர். அவருடைய அறுபது பேரும் சப்பாத்துப் போட்டிருந்தார்கள். இதனால் படைக்குள் சிறிது மனக்கசப்பு ஏற்பட்டது.

வெள்ளிக்கிழமை காலை சந்திரவதனா தனியாகப் போனார். மின்படிக்கட்டு ஓடாததால் ஏறித்தான் போகவேண்டியிருந்தது. சிப்பாய்கள் விலகி வழி விட்டார்கள்.

"தம்பி, ஒண்டு கேக்கிறன், மறைக்காமல் சொல்லும். நீங்கள் வரப்போறியள் எண்டோ கடையைப் பூட்டினவங்கள்?"

அதே கப்டன்தான் பதில் சொன்னார். "அதாவது அக்கா, நாங்கள் வரேக்கை பூட்டித்தான் கிடந்தது. திறந்திருந்தால் நாங்கள் எங்கை நிக்கிறது?"

சந்திரவதனா சுற்றிவரப் பார்த்தார். தளபாடமெல்லாம் கழற்றிக்கொண்டு போன அந்த மண்டபத்தில், தான் நின்ற இடம் எது என்று அவருக்கு அளவெடுக்காமலே தெரிந்தது. போன மார்கழியில் ஒரு திங்கட்கிழமை, காலை ஒன்பதரையிலிருந்து பின்னேரம் ஆறு மணி மட்டும், இந்த மாடிக்கு மூன்று பேர் ஏறி வந்தார்கள். ஒருவர் கழிப்பறை தேடி வந்தவர். ஒருவர் தலையணையை அமத்திப் பார்த்து, அதன் பெயரையும் விலையையும் போனில் படம் எடுத்துக்கொண்டு, மிகவும் நன்றி சொல்லிவிட்டுப் போனவர். மூன்றாவது ஆள் நவரட்ணம். சாப்பாட்டுப் பெட்டியை மறந்துவிட்டீர் என்று கொண்டுவந்து கொடுத்தவர்.

அவர் இறங்கிப் போகும் வழியில், ஓடாத மின்படிக்கட்டின் நடுவிலேயே இருந்துகொண்டு போனை எடுத்தார்.

"கௌசி, நான் வாறன் எண்டு சொல்லு."

"ஆமி போயிட்டுதோ அக்கா?"

"இல்லை, நிக்குது. நான் வாறன்."

எழும்பிப் போகும்போது, வாசலை அடைத்துக்கொண்டு நிற்கவேண்டாம், இரண்டு இரண்டு பேராக ஒதுங்கி நில்லுங்கள் என்று சிப்பாய்களுக்குச் சொன்னார். வந்த நாளிலிருந்து அவர்களுக்குக் கிடைத்த முதல் கட்டளை அது. இன்று வரை வாசலில் அப்படித்தான் நிற்கிறார்கள்.

இது நடந்து ஒரு வருடத்துக்கு மேலாகிறது. பிக்கரிங் பண்டகசாலையில் சந்திரவதனா இப்போது ஆறு பேருக்குப் பொறுப்பு. காலையில் நவரட்ணம்தான் காரில் கொண்டுபோய் இறக்குகிறார். 401இல் இராணுவ வாகனம் ஏதாவது போனால் பக்கத்து ஒழுங்கைக்கு மாறி வழி விடுகிறார், அதற்கு வீடியோ போடுவதில்லை. படை பனி கொட்டினால் வாசலை வழித்துத் துப்பரவாக்குகிறது. செவ்வாய்க்கிழமைகளில் அவர்கள் செய்யும் உடற்பயிற்சிக்கு அயலில் உள்ள முதியோர் சங்கத்தவர்களும் வந்து பின்வரிசையில் நிற்கிறார்கள். பலருக்குச் சீனி வருத்தம் குறைந்திருக்கிறது. ஆகாயத்து அம்புக்குறி வெயிலில் வெளிறி ரோசா நிறமாகிவிட்டது. மாநகரசபை டாங்கிகளைத் தற்காலிகக் கட்டுமானம் என்று பதிந்து, வருடா வருடம் அனுமதியைப் புதுப்பிக்கிறது. ஸ்ரீதரன் இந்தப் படை வந்தது ஏன் என்பது பற்றி இதுவரை நாற்பத்தாறு பாகங்கள் வெளியிட்டிருக்கிறார். கடை மூடப்பட்டது ஏன் என்பது பதினெட்டாம் பாகத்தில் இருந்து முப்பத்தொன்றாம் பாகம் வரை விளக்கப்படுகிறது.

கடைக்குச் சனம் வரவில்லை. பூட்டிவிட்டார்கள்.