ஊற்றடி மீன்

2003ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் ஸ்டுட்கார்ட் பக்கம் இருந்தவர்களுக்கு அந்த வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. கடைகளில் மின்விசிறி தீர்ந்துபோனது. எங்கள் தூண்டில் சங்கத்து ஏரியில் மேல்தண்ணீர் இருபத்தேழு பாகைக்கு ஏறியது. குளிக்க வந்தவர்களுக்குக் கொண்டாட்டம். ட்ரௌட் மீனுக்கு அது சாவு.

இங்கே அந்த மீனை ஃபொரெல்லே என்பார்கள். பழுப்பு முதுகு, விலாவில் சிவப்புப் புள்ளிகள். குளிர்ந்த தண்ணீரில் வாழப் பிறந்தது. இருபது பாகையைத் தாண்டினாலே மூச்சு முட்டத் தொடங்கிவிடும். ஆழத்துக்குப் போகலாம் என்றால் கோடையில் அங்கே பிராணவாயு இல்லை. அதனால் ஏரியின் அடியில் எங்காவது ஊற்று இருந்தால், அதன் வாயில் எல்லாம் வந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்கும். அந்த இடம் தெரிந்தவன் கண்ணை மூடிக்கொண்டு தூண்டில் போடலாம். அதனால்தான் வெயில் தணியும்வரை ஃபொரெல்லே பிடிக்கக் கூடாது என்று சங்கம் கரையில் பலகை நட்டிருந்தது.

அந்த இடம் இரண்டு பேருக்குத் தெரியும். ஒருவர் ஹெபர்லே. தபால்காரராக இருந்து ஓய்வுபெற்றவர், இருபத்திரண்டு வருடமாக ஏரியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பில் இருந்தவர். மற்றது நான், இராசலிங்கம். பம்பு செய்யும் தொழிற்சாலையில் வேலை. சங்கத்தின் நூற்றுப் பத்துப் பேரில் ஒரே தமிழன்.

இந்த நாட்டில் தூண்டில் போட அரசாங்கச் சோதனை எழுதி அட்டை வாங்க வேண்டும். முதல் தடவை நான் கோட்டை விட்டேன். இரண்டாம் தடவைக்கு என்னைத் தன் வீட்டுச் சமையலறையில் இருத்திப் படிப்பித்தவர் ஹெபர்லேதான். அந்த யூலையில் இருவரும் படகில் போய், கயிற்றில் வெப்பமானியைக் கட்டி இறக்கி ஏரி முழுக்க அளந்தோம். கிழக்குப் பக்கம் ஆறு மீற்றர் ஆழத்தில் பதின்மூன்று பாகை காட்டியது. ஹெபர்லே சின்னப்பிள்ளை மாதிரிச் சிரித்தார்.

“இதை நீயும் நானும் அறிந்தால் போதும், இராசா. ஊருக்குத் தெரிந்தால் ஒரு வாரத்தில் ஒன்றும் மிஞ்சாது,” என்றார்.

அவருக்கு முழங்கால் வலி. ஆகவே படகின் இரண்டாவது சாவியை என்னிடம் தந்து, தினமும் காலையில் தண்ணீரின் வெப்பத்தை அளந்து சொல்லும் வேலையையும் தந்தார். அந்தச் சாவியை வாங்கிய அன்று எனக்கு வந்த பெருமை குடியுரிமைக் கடிதம் வந்த அன்றுகூட வரவில்லை.

அப்போதுதான் ரொறன்ரோவில் இருந்து என் மனைவி யோகத்தின் தம்பி இளங்கீரன் வந்து இறங்கினான். வாய் ஓயாதவன். இரண்டு காலை அவனைக் கரைக்குக் கூட்டிப்போய், சட்டப்படி பிடிக்கக்கூடிய மீன்களுக்குத் தூண்டில் போட்டேன். ஒரு பொடி மீன்கூடக் கடிக்கவில்லை. புதன்கிழமை வீட்டுக்கு நாலைந்து குடும்பம் சாப்பிட வந்திருந்தது. சோறு பரிமாறும் நேரம் பார்த்து அவன் ஆரம்பித்தான்.

“அத்தான் சோதினை எழுதி மீன் பிடிக்கிறவர். ஆனா பாருங்கோ, மீனுகளுக்கு அவர் பாஸ் பண்ணினது தெரியேல்லை.”

எல்லோரும் சிரித்தார்கள். யோகமும் சிரித்தாள். எனக்குக் காது சூடாகிவிட்டது. எனக்கு முன்கோபம் என்பது ஊருக்கே தெரியும். அந்தக் கோபத்தில் கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. நான் கத்தவில்லை, சிரித்துக்கொண்டே சொன்னேன்.

“நாளைக்கு அஞ்சு மணிக்கு எழும்பு. காட்டிறன்.”

வியாழன் காலை துடுப்பு வலித்துப் படகை நேரே ஊற்றடிக்கு விட்டேன். ஈயக்குண்டு கட்டி, புழு குத்தி, ஆறு மீற்றர் இறக்கினேன். குண்டு அடியைத் தொடுவதற்குள் கடித்துவிட்டது. அதை மீன் பிடித்தல் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நல்ல நாளில் ஃபொரெல்லே தூண்டிலை முறிப்பதுபோல் இழுக்கும். அன்று வந்தவை இழுக்கவில்லை. ஈரத்துணியைத் தூக்குவதுபோல வந்தன. முக்கால் மணி நேரத்தில் ஏழு மீன். இளங்கீரன் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான். அந்த முகத்தைப் பார்க்க எனக்கு எவ்வளவு இனிப்பாக இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

நாலு பெரியவை. தலையில் அடித்து, கத்தியால் இதயத்தில் குத்தி, முறைப்படி கொன்றேன். முறைப்படி. மற்ற மூன்றும் அளவு போதாத சிறியவை.

“விடுங்கோ அத்தான், பாவம், வளரட்டும்,” என்றான் இளங்கீரன்.

விட்டேன். மூன்றும் சரிந்து சரிந்து நீந்திப் போயின. குளிரில் இருந்து சுடுநீருக்கு இழுத்து வந்த மீன் அந்தச் சுடுநீரைக் கடந்து திரும்பிப் போய்ச் சேராது என்று எனக்குத் தெரியும். அது சோதனைக் கேள்விகளில் ஒன்று. சரியாகப் பதில் எழுதினவன் நான். தெரிந்தும், அவை மிதக்கிறதைப் பார்க்கக் கூடாதென்று கரையை நோக்கி வேகமாக வலித்தேன்.

மீனை யோகம் அவித்து, முள் எடுத்து, உருளைக்கிழங்கும் பச்சை மிளகாயும் போட்டுக் கட்லட் செய்தாள். நான் இரண்டு சாப்பிட்டுவிட்டுப் பின்நேர வேலைக்குப் போனேன். மறுநாள் இளங்கீரன் லண்டனுக்குப் பயணம் போனான். போகும்போது என்னைக் கட்டிப்பிடித்து, இனி வாய் திறக்கமாட்டேன் என்றான்.

அன்று மத்தியானம் ஹெபர்லே தொலைபேசி எடுத்தார். மூன்று ஃபொரெல்லே செத்து மிதந்தனவாம், வாயில் தூண்டில் காயமாம்.

“வியாழன் காலை அளக்கப் போனாயா?”

“போனேன்.”

“யாரையாவது கண்டாயா?”

“ஒருவரையும் காணவில்லை,” என்றேன்.

“வேறு ஏதாவது சொல்ல இருக்கிறதா, இராசா?” என்று கேட்டார். இல்லை என்றேன். பொய் சொல்லும்போது என் ஜெர்மன் அவ்வளவு திருத்தமாக வருமென்று அன்றுதான் கண்டுகொண்டேன்.

சனிக்கிழமை சங்கக் குடிசையில் அவசரக் கூட்டம். நாற்பது பேர் வந்திருந்தார்கள். தலைவர் எழுந்து, வியாழன் விடியற்காலை ஏரிக்கரையில் விக்டரைக் கண்டவர்கள் இருக்கிறார்கள் என்றார். விக்டர் கஸக்ஸ்தானில் இருந்து வந்து குடியேறிய ஜெர்மன் வம்சாவளிக்காரன், கூரை வேலை செய்கிறவன். நான் வருவதற்கு முன்பு சங்கத்தில் புது ஆள் என்றால் அவன்தான். தெற்குக் கரையில் சோளம் போட்டுக் கெண்டைக்குத் தூண்டில் போட்டேன், அதற்குத் தடை இல்லையே என்று அவன் சொன்னான். அவனுடைய ஜெர்மனும் என்னுடையது போலத்தான், பதற்றம் வந்தால் தடுக்கி விழும். பின்வரிசையில் ஒருவர், அங்கிருந்து வந்தவர்கள் எதையும் விடமாட்டார்கள் என்று சொன்னார். இரண்டு பேர் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பு எனக்குப் புதிது இல்லை. அகதி விடுதியில் சைக்கிள் காணாமல் போனபோது நான் கேட்ட சிரிப்பு. அப்போது எடுத்தவன் நான் இல்லை. இப்போது எடுத்தவன் நானாக இருந்தும், சிரிப்பு வேறொருவன்மேல் விழுந்தது. என் உடம்பு ஆறுதலாக மூச்சு விட்டது. அதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

“யாருக்காவது வேறு ஏதாவது தெரியுமா?” என்று தலைவர் கேட்டார். எல்லோரும் விக்டரைப் பார்த்தார்கள். நான் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விக்டரின் அட்டையை ஒரு வருடத்துக்கு நிறுத்தலாம் என்று தலைவர் சொல்லி முடிக்கும் நேரம் ஹெபர்லே மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

“மீன் நின்ற இடம் விக்டருக்குத் தெரியாது. என்னைத் தவிர ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். அது விக்டர் இல்லை.”

“யாருக்கு?”

“அதைச் சொல்லவேண்டியவன் நான் இல்லை. அந்த ஆளை நம்பியது என் பிழை.” அவர் சட்டைப் பையில் இருந்து தன் படகுச் சாவியை எடுத்து மேசையில் வைத்தார். “இனி வேறு ஆளைப் பாருங்கள்.”

அவர் நொண்டிக்கொண்டு வெளியே போனார். நான் எழும்பவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்காத மனிதர், பாவம், யார் செய்தது என்று அவருக்கே நிச்சயமாகத் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்துத்தான் வீடு வந்து சேர்ந்தேன்.

யோகம் முகத்தைப் பார்த்து என்னவென்று கேட்டாள். ஹெபர்லே பொறுப்பை விட்டுவிட்டார் என்று மட்டும் சொன்னேன்.

“ஐயோ, பாவம் மனுசன். வியாழக்கிழமையும் என்ன நல்லாக் கதைச்சவர்.”

“எங்கை கண்டனீர்?”

“போன கிழமை அவற்ரை மனிசி பிளம்ஸ் கேக் தந்துவிட்ட தட்டு இஞ்சை கிடந்ததெல்லோ. வெறுந்தட்டைத் திருப்பிக் குடுக்கேலாது தானே. எட்டுக் கட்லட் வைச்சுக் கொண்டுபோய்க் குடுத்தனான். மனுசன் நிண்ட நிலையிலை மூண்டு சாப்பிட்டார். என்ன மீன் எண்டு கேட்டார், ஃபொரெல்லே, எங்கடை ஆள் பிடிச்சது எண்டன். எங்கை எண்டார். எனக்கு ஜெர்மன் வராது தானே. குளிர்தண்ணி, குளிர்தண்ணி எண்டு ரெண்டு தரம் சொன்னன். தம்பி அப்பிடித்தானே சொன்னவன். பிறகு அவர் நாலாவதை எடுக்கேல்லை. காரம் கூடிப்போச்சோ தெரியேல்லை.”

நான் கதிரையில் இருந்துவிட்டேன். வியாழன் மாலையே அவருக்குத் தெரியும். வெள்ளி மத்தியானம் தெரிந்துகொண்டுதான் கேட்டார், சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று. கூட்டத்தில் தெரிந்துகொண்டுதான் கடைசிவரை பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார். விக்டரையல்ல, என்னை.

“நான் ஏதும் பிழையாச் செய்துபோட்டனோ?” என்று யோகம் கேட்டாள்.

“நீர் ஒரு பிழையும் செய்யேல்லை,” என்று சொல்லிவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கினேன்.

ஹெபர்லே வீடு பத்து நிமிட நடை. வெயில் இன்னும் சாயவில்லை. போய்ச் சேர்ந்தபோது படியில் விக்டர் நின்றான். தன்னைக் காப்பாற்றியவருக்கு நன்றி சொல்ல வந்து, விடைபெற்றுத் திரும்பிக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் இரண்டு கையாலும் என் கையைப் பிடித்தான். கூரை வேலை செய்கிற கை, மரம் மாதிரி இருந்தது.

“அங்கே எல்லோரும் என்னைக் கள்ளனைப்போல் பார்த்தார்கள். நீ ஒருவன் மட்டும் பார்க்கவில்லை. எனக்காக வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டிருந்தாய். மனைவியிடமும் சொன்னேன். நன்றி, இராசா.”

அவனுக்குப் பின்னால் கதவைப் பிடித்துக்கொண்டு ஹெபர்லே நின்றார். இந்த முறையும் காத்திருந்தார்.

“விக்டர், அந்த மீனைப் பிடித்தது நான்,” என்றேன்.

அவன் முதலில் சிரித்தான், விளங்கவில்லை. நான் திரும்பவும் சொன்னேன். அவன் திரும்பி ஹெபர்லேயைப் பார்த்தான். அவர் ஆமென்று தலையை ஆட்டினார். என் கையைப் பிடித்திருந்த கைகள் தளர்ந்தன, ஆனால் இன்னும் விடவில்லை.

“இவர் எழும்பியிராவிட்டால்? என் அட்டையைப் பறித்திருந்தால்?” என்று கேட்டான். கோபத்தில் கேட்கவில்லை. பதில் தெரிய வேண்டும் என்றுதான் கேட்டான்.

எழும்பியிருப்பேன் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. ஹெபர்லே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பேசாமல் இருந்திருப்பேன்,” என்றேன்.