அரைவேக்காட்டில் தூக்கிய கை

கருங்கல் சந்தைக்கு எதிரே டயர் கடை மாடியில், மாதக் கடைசி ஞாயிறு மாலை நாலு மணிக்குக் கூடும் கூட்டத்துக்கு 'அரைவேக்காடு' என்று பெயர் வைத்தவள் ஸ்மைலின். சட்டமும் அவள் போட்டதுதான். முடித்துப் பொட்டலம் கட்டிய எதையும் அங்கே கொண்டுவரக் கூடாது. பாதி எழுதிய கவிதை, வார்த்தை அகப்படாத பாட்டு, எங்கே போய் நிற்கும் என்று தெரியாத நாடகம், இப்படி வேகாத சரக்குதான் வரவேண்டும். பார்க்கிறவர்களுக்கு ஒரே வேலை. எந்த இடத்தில் மனசு விலகிப்போகிறதோ அந்த இடத்தில் கையைத் தூக்க வேண்டும், மனசு திரும்பியதும் இறக்கிவிட வேண்டும். பிறகு யாரும் விளக்கம் கேட்கக் கூடாது. கை எழும்பிய இடத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் வெட்டிவிட வேண்டும்.

ஆறு வருடத்தில் ஸ்மைலின் நடித்த எதற்கும் ஒரு கைகூட எழும்பியதில்லை. அதைத் தன் திறமை என்றே அவள் நம்பியிருந்தாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், கூட்டத்தைத் தொடங்கியவள், முன்வரிசையில் நடுநாயகமாக உட்காருகிறவள். அவள் நடிக்கும்போது கை தூக்க யாருக்குத் தைரியம் வரும் என்று அவள் யோசித்ததே இல்லை. நமக்குச் சாதகமானதை நாம் என்றைக்கு யோசித்திருக்கிறோம்?

பெமிலாவை அங்கே கூட்டி வந்ததும் ஸ்மைலின்தான். முட்டத்துப் பெண், கருங்கலில் ஒரு பல் டாக்டரிடம் வேலை. கிளினிக்குக்கு வருகிறவர்களைப் போல அவள் பேசிக் காட்டியதைப் பார்த்து, பல்வலியை மறந்து சிரித்த ஸ்மைலின், "நீ ஞாயித்துக்கிழமை வா மக்கா" என்றாள். அப்படிச் சொன்ன வாயை அவளே பிற்பாடு பலமுறை நொந்துகொண்டாள்.

ஆகஸ்ட் மாதக் கூட்டத்தில் டயர் கடைக்காரர் ராஜகுமார் எழுந்து ஒரு செய்தி சொன்னார். "அடுத்த மாசம் ஜக்கரியா சார் வாராரு. நம்ம குளச்சல்காரருதான், திருவனந்தபுரத்துல நாடக விழா நடத்துகாரு. நம்ம கூட்டத்துல இருந்து ஒண்ணே ஒண்ணு எடுப்பாராம்."

ஸ்மைலின் நிமிர்ந்து உட்கார்ந்தாள். மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டு வீட்டில் தனியாகப் பேசும் ஒரு தாயை அவள் இரண்டு வருடமாகச் செதுக்கிக்கொண்டிருந்தாள். அந்த ஒன்று அதுவாகத்தான் இருக்க வேண்டும். வேறு எது இருக்கிறது?

அப்போதுதான் பெமிலா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு, கையில் போனுடன் உட்கார்ந்தாள்.

தோஹாவில் இருக்கும் மாப்பிள்ளையோடு வீடியோவில் பேசுகிற பெண். கூரை ஒழுகுவது, பிள்ளைக்குப் பல் விழுந்தது, மாமியார் ஜாடை பேசுவது என்று ஓட்டமாகப் பேசிக்கொண்டு போனாள். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. நாடகத்தில் சட்டென்று நெட் நின்றுவிட்டது. பெமிலா பாதிச் சிரிப்போடு, தூக்கிய புருவத்தோடு, போனில் நின்றுபோன படம்போல அப்படியே உறைந்துவிட்டாள். ஒரு நிமிடம், முழுசாக ஒரு நிமிடம், அவள் கண்கூட இமைக்கவில்லை. அந்த உறைந்த சிரிப்பைப் பார்க்கப் பார்க்க அது அழுகையாக மாறியது, ஆனால் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. எட்டு வருடம் புருஷனைப் படமாக மட்டுமே பார்த்தவளின் வாழ்க்கை அத்தனையும் அந்தச் சும்மா இருத்தலில் இருந்தது.

ஸ்மைலினுக்கு மூச்சு நின்றது. அடுத்த மூச்சோடு வயிற்றெரிச்சலும் வந்தது. இது நமக்கு வராது. செத்தாலும் வராது. நேற்று வந்தவள், வசனம் எழுதத் தெரியாதவள், எப்படி இதைக் கண்டுபிடித்தாள்? இதை ஜக்கரியா பார்த்தால் என் கதி என்ன?

அவள் கை எழுந்தது.

டீச்சரின் கையைப் பார்த்ததும் பின்வரிசையில் இருந்த, கவிதை எழுதும் சஃப்னா திகைத்தாள், பிறகு நமக்குத்தான் புரியவில்லை போலிருக்கிறது என்று தானும் தூக்கினாள். ராஜகுமார் தூக்கினார். ஒன்பது கைகள் ஆயின. பெமிலா உறைந்த முகத்தோடு அத்தனை கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த ஒரு மாதமும் ஸ்மைலின் தன்னோடு நன்றாகவே வாதாடினாள். சும்மா இருப்பது ஒரு நடிப்பா? மேடை என்றால் அசைவு வேண்டாமா? பகலில் இந்த வாதம் எல்லாம் எடுபட்டது. கரும்பலகையில் கணக்குப் போடும்போது நடுவில் அந்த உறைந்த சிரிப்பு வந்து நின்றால் மட்டும் கை தானாக நின்றுவிடும்.

செப்டம்பர் கூட்டத்துக்கு ஜக்கரியா வந்தார். ஒல்லியான மனிதர், பின்வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டார். முதலில் பெமிலா. கை எழும்பிய இடத்தை ஒழுங்காக வெட்டியிருந்தாள். நெட் நின்றதும் போனைத் தட்டினாள், கத்தினாள், மாதாவைக் கூப்பிட்டு மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். தினமும் டிவியில் பார்க்கிற அதே அழுகை. ஜக்கரியா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அதை ஸ்மைலின் பார்த்தாள். பார்த்ததும் அவளுக்கு வந்தது சந்தோஷம்தான், அதை மறைத்துச் சொல்ல ஒன்றுமில்லை.

அடுத்து அவள் முறை. நன்றாகவே நடித்தாள். நடுவில் அந்தத் தாய் கடவுளிடம் பேசும் நீண்ட ஜெபம் ஒன்று உண்டு. அலங்கார வார்த்தையாகக் கோத்தது. அந்த இடத்தில் நாக்கு மட்டுமே பேசுகிறது என்று அவளுக்கும் உள்ளூரத் தெரியும். அங்கே வந்தபோது மூன்றாவது வரிசையில் ஒரு கை எழும்பியது.

பெமிலாவின் கை. ஜெபம் முடிந்த பிறகுதான் இறங்கியது.

பழி வாங்குகிறாள், தரித்திரம் பிடித்தவள் என்று மனசுக்குள் கறுவிக்கொண்டே ஸ்மைலின் மீதியை நடித்து முடித்தாள்.

ஜக்கரியா நேராக அவளிடம் வந்தார். "டீச்சரே, உங்களுதத்தான் எடுக்கேன். ஆனா அந்த ஜெபம் வேண்டாம். அந்தப் பிள்ளை கை தூக்கினது செரியான இடம் கேட்டியளா. அதுக்க கண்ணு நல்ல கண்ணு." பெமிலாவின் பக்கம் திரும்பிப் பார்த்தார். "அதுக்க நாடகமும் நல்லாத்தான் தொடங்கிச்சு. அந்த நெட் போற இடத்துல சும்மா இருந்திருந்தாலே போதும். மாரடிச்சுக் கரைஞ்சு அழுது கெடுத்துட்டு." ராஜகுமார் டீ குடிக்க அவரைக் கீழே அழைத்துப் போனார். மற்றவர்களும் பின்னாலேயே இறங்கினார்கள்.

மாடியில் இரண்டு பேர் மட்டும் நின்றார்கள். பெமிலா வந்து ஸ்மைலினின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"எனக்க மேல கோவமா அக்கா? தூக்க மனசே வரல்ல. ஆனா நீங்க எனக்கு உண்மையச் சொன்னிய. நான் உங்களுக்குப் பொய் சொல்லலாமா?"

அவள் திட்டியிருந்தால் ஸ்மைலின் பதிலுக்குத் திட்டியிருப்பாள். இதற்கு என்ன செய்வது? தொண்டையில் இருந்தது தானாக வெளியே வந்துவிட்டது.

"பெமிலா, போன மாசம் நீ சும்மா இருந்தல்லா, அந்த எடத்துல எனக்கு மூச்சே வரல்ல."

பெமிலாவுக்கு முதலில் விளங்கவில்லை. "அப்போ எதுக்குக் கை தூக்கினிய?"

"எனக்கு அது வராது மக்கா. அதான்."

பெமிலா பிடித்திருந்த கையை விட்டாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "அந்த இடம் இருந்துச்சுன்னு அவருக்கிட்ட சொல்லுவியளா?"

கீழே ஜக்கரியாவின் கார் ஸ்டார்ட் ஆனது. சத்தம் இருவருக்கும் கேட்டது. சன்னல் இரண்டு எட்டு தூரம்தான், அங்கே போய் நின்று ஒரு குரல் கொடுத்தால் போதும். கார் சந்தை முக்கில் திரும்பி மறையும்வரை ஸ்மைலின் நின்ற இடத்திலேயே நின்றாள்.