மீன்காரம்மா போயாச்சா?

தீபனின் ஹெட்போனில் எல்லாத் திசையிலிருந்தும் சத்தம் வரும் என்று அட்டைப்பெட்டியில் பெரிதாகப் போட்டிருந்தது. அவனுக்கோ எல்லாமே தண்ணீர்த் தொட்டிக்குள்ளிருந்து வந்தது. ஆன்லைன் துப்பாக்கிச் சண்டை விளையாட்டில் எதிரி பின்னால் நடந்தால் முன்னால் கேட்கும். இவன் முன்னால் சுடுவான், முதுகில் குண்டு வாங்கிச் சாவான். இன்னொரு தரம் இப்படிச் செத்தால் வேறு ஆளைச் சேர்த்துக்கொள்வோம் என்று அணித் தலைவன் மதி சொல்லிவிட்டான்.

அன்று சாயங்காலம்தான் கோளாறு பிடிபட்டது. ஹெட்போனோடு வந்த மென்பொருளிலும் சரவுண்ட் எனும் சுற்றொலியைப் போட்டிருந்தான், விளையாட்டுக்குள்ளும் போட்டிருந்தான். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிச் சத்தத்தைக் குழப்பியிருந்தன. விளையாட்டுக்குள் இருந்ததை அணைத்துவிட்டுச் சோதனை ஒலியை ஓடவிட்டான். காலடிச் சத்தம் தலையைச் சுற்றி வந்தது. நிஜமாகவே சுற்றுகிறதா, திரையைப் பார்ப்பதால் அப்படித் தோன்றுகிறதா? இன்னொருவர் காது வேண்டும்.

அந்தக் காது அப்போதுதான் காசிமேட்டு மீன் சந்தையிலிருந்து வந்து கூடையை இறக்கிக்கொண்டிருந்தது. அவன் அம்மா புஷ்பவல்லி.

இங்கே ஒரு கேவலத்தைச் சொல்லியாக வேண்டும். அணியில் சேர்ந்த முதல் நாள் தீபன் 'இன்னா' என்றதும் மற்ற மூவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர்கள் முகம்கூட அவன் பார்த்ததில்லை. அன்றிலிருந்து வார்த்தையை அளந்து பேசினான். அண்ணா நகரில் நாலாவது மாடி என்று அளந்தும் விட்டான். ஆனால் மீன் ஏலத்தில் ஊரையே அடக்கிப் பழகிய அம்மாவின் குரல் ஒற்றை அறை வீட்டுக்குள் அடங்குமா? யாருடா அது என்று மதி கேட்டபோது, மீன்காரம்மா, மாடி வரைக்கும் வந்து கத்துது என்றான். பிறகு அவள் வரும்போதெல்லாம் மைக் கம்பியை மேலே தூக்கிவிடுவான். தூக்கினால் இந்தப் பக்கத்துப் பேச்சு அந்தப் பக்கம் போகாது.

புஷ்பவல்லி கையை இரண்டு தரம் சோப்புப் போட்டுக் கழுவியும் ஹெட்போனில் வாடை ஒட்டிக்கொள்ளும் என்று தயங்கினாள். தீபனே மாட்டிவிட்டு, கண்ணை மூடச் சொல்லி, சத்தத்தை முழுதாக ஏற்றினான். அணியினரின் பேச்சு இணைப்பு திறந்திருந்ததும் மைக் கீழே இறங்கியிருந்ததும் அந்த ஆர்வத்தில் மறந்துபோயின.

அவள் விரலை வலப்பக்கம் நீட்டினாள். சரி. இடப்பக்கம். சரி.

"பின்னாடி யாரோ நடந்துகினு வர்றா மாரி கீது நைனா," என்று திரும்பியே பார்த்துவிட்டாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். அவர்கள் சேர்ந்து சிரித்து வெகுநாளாயிற்று.

அப்போது மதியின் குரல் ஹெட்போனைத் தாண்டி அறைக்கே கேட்டது.

"டேய், மறுபடியும் அந்த மீன்காரம்மாவா? வாட்ச்மேன்கிட்ட சொல்லி உள்ளயே விடாம பண்றேன்னியே. இன்னும் போகலையா?"

நீட்டிய விரல் அப்படியே நின்றது. புஷ்பவல்லி கண்ணைத் திறந்து மகனைப் பார்த்தாள். பிறகு, அவன் இதுவரை கேட்டிராத தணிந்த குரலில் மைக்கில் பேசினாள்.

"போய்க்கினே கீறேன்பா. மீனு குடுக்க வந்தேன். தம்பி இதோ வந்துரும்."

ஹெட்போனைக் கழற்றி அவன் மடியில் வைத்துவிட்டு அடுப்பிடம் போனாள்.

தீபன் அதை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டான். அவங்க தலையிலயா மாட்டிவிட்ட, டெட்டால் போட்டுத் துடைடா என்றான் மதி. ஒருவன் வலக்காதிலும் ஒருவன் இடக்காதிலும் சிரித்தது போலிருந்தது. தீபனுக்கு உடம்பெல்லாம் கூசியது.

"அது எங்க அம்மாடா," என்று கத்தினான். "காசிமேட்டுல மீனு விக்கிது. நானும் இங்கதான் கீறேன்."

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது. காதில் சிரிப்பு நிற்கவில்லை. "டேய், இருக்கியா? பேசுடா," என்றான் மதி.

மைக் கம்பி மேலே நின்றது. கழற்றும்போது அம்மாவின் கை பட்டிருக்கிறது.

இறக்கிவிட்டு அதையே மறுபடி சொன்னால் போதும். இறக்கினான். வாயைத் திறந்தான்.

"இருக்கேன். மேட்ச ஆரம்பிங்க."

கொஞ்ச நேரத்தில் புஷ்பவல்லி விற்காமல் எடுத்துவைத்திருந்த வஞ்சிரத் துண்டை வறுத்துக்கொண்டு வந்தாள். தட்டை வைத்துவிட்டு ஹெட்போன் அசையாமல் அவன் தலையைத் தடவினாள். அவள் கண் கலங்கியிருந்தது, முகம் சிரித்தது.

"அவுங்கள்ட்ட சொல்லிட்டியே நைனா," என்றாள் மெதுவாக. "அது போதும் எனுக்கு."

அவள் பேச வாய் திறந்ததுமே, தீபனின் கை பழக்கத்தில் மைக் கம்பியை மேலே தூக்கியிருந்தது.