மணி பிளான்டின் சம்மதம்

நிச்சயதார்த்தத்துக்கு வந்த இடத்தில் மாப்பிள்ளை சிவசைலத்தின் குரல் பெண் வீட்டு மணி பிளான்டுக்குப் போய்விட்டது. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. குரல் வீட்டுக்குள்ளேதானே இருக்கிறது.

காரணம் சின்னது. வந்தவர்களுக்கு நீட்டிய தட்டில் வெற்றிலை பற்றவில்லை. பெண்ணின் அத்தை ஜன்னலோரத் தொட்டியில் படர்ந்திருந்த கொடியிலிருந்து நாலு இலையைக் கிள்ளிப் போட்டாள்.

"ரெண்டும் ஒரே சாயல்தான. சுண்ணாம்பத் தடவினா யாருக்குத் தெரியப் போவுது?"

மடித்துக் கொடுத்ததை மாப்பிள்ளை மென்றான். நாக்கில் ஊசி ஊசியாக இறங்கியது. பிறகு நாக்கு பருத்தது. வாய்க்குள் இடம் போதாமல் வெளியே வந்து மோவாயில் உட்கார்ந்துகொண்டது.

பெண்ணின் சித்தப்பா டாக்டர். டார்ச் அடித்துப் பார்த்தார்.

"இந்த இலைல கண்ணுக்குத் தெரியாத ஊசி உண்டும். வாயக் கொப்பளிக்கணும், கொஞ்சம் பால் குடிக்கணும். தொண்டை வீங்கிட்டுன்னா உடனே ஆஸ்பத்திரிதான். மூச்சு முட்டுதா மாப்ள?"

சிவசைலம் தலையாட்டுவதற்குள் தொட்டி பேசியது. அச்சு அசல் அவன் குரல்.

"எனக்கு ஒண்ணுமில்ல மாமா. நல்லாத்தான் இருக்கேன்."

"அவரே சொல்லுதாருல்லா," என்று டாக்டர் டார்ச்சை அணைத்தார்.

பெண்ணின் அப்பா நாற்காலியைத் தொட்டிப் பக்கம் திருப்பிப் போட்டார்.

"கேக்கேன்னு தப்பா நெனைக்காதீய. தண்ணிப் பழக்கம் உண்டா?"

"வாரத்துக்கு ரெண்டு தரம் மாமா. அதுக்கு மேல ஊத்துனா வேரு அழுகிரும்."

"என்னமா ஒளிக்காமச் சொல்லுதாரு!" அவர் குரல் தழுதழுத்தது. "எம்மவளக் கட்டிக்கிடச் சம்மதமா?"

"சம்மதம்."

அந்த ஒற்றைச் சொல்லுக்காகச் சிவசைலம் கண்ணாடி முன் நின்று பழகியிருந்தான். நன்றாகத்தான் வந்திருந்தது. கொஞ்சம் குழைவுகூட இருந்தது.

அவன் எழுந்து நின்றான். நாக்கைக் காட்டினான், தொட்டியைக் காட்டினான், நெஞ்சில் அடித்துக்கொண்டான்.

"இது யாரு, கெடந்து ஆடுது?" என்றாள் அத்தை.

"மாப்ள கூட வந்த ஆளா இருக்கும். உக்காருங்க தம்பி, கேசரி வருது," என்றார் பெண்ணின் அப்பா.

கல்யாணப் பெண் கோமதி உள்ளிருந்து வந்தாள். ஜாதகம் பொருந்துகிறது என்று ஒருவர் சொல்லும்வரை, இவளுக்காக ஜோசியர்களை மாற்றிக்கொண்டே இருந்தவன் அவன். அவள் அவனைப் பார்த்தாள். தொட்டியைப் பார்த்தாள். அவள் முகத்தில் சந்தேகம் விழுந்தது. அவனுக்கு உயிர் வந்தது.

"ஒண்ணே ஒண்ணு கேக்கேன்," என்றாள், இருவருக்கும் பொதுவாக. "பாபநாசத்துல, பாலத்து மேல வச்சு, என்னப் பிடிச்சிருக்கான்னு கேட்டேம்லா. அன்னைக்கு என்ன சொன்னீய?"

அன்று சிவசைலம் எதுவுமே சொல்லவில்லை. வெட்கத்தில் ஆற்றையே பார்த்துக்கொண்டு நின்றான். அதைச் சொல்லிவிட இப்போது துடித்தான். கையை வீசினான், தரையை உதைத்தான், நாக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "ஙே! ஙே!" என்று கத்தினான்.

மணி பிளான்ட் எதுவுமே சொல்லவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தது.

கோமதியின் கண் கலங்கியது.

"இவியதான்," என்றாள்.

மோதிரம் இளந்தளிரில் கச்சிதமாகப் பொருந்தியது. எல்லோரும் கைதட்டினார்கள். தட்டாமல் இருந்தால் தப்பாக நினைப்பார்களே என்று சிவசைலமும் தட்டினான்.